பல்லாங்குழி: கனமான குழியா, கணக்கான குழியா?

கோல்ஃப் ஆடுகிறவர்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. மைதானத்தில் இருக்கும் 18 குழிகளையும் அவர்கள் ஒரே மாதிரி ஆடுவதில்லை. இந்தக் குழிக்கு வேகமாக அடிக்க வேண்டும், அந்தக் குழிக்கு நிதானமாகத் தட்ட வேண்டும் என்று குழிக்குக் குழி ஒரு திட்டம் வைத்திருப்பார்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அந்தப் புல்வெளிகளை வேலிக்கு வெளியே நின்று பார்த்திருப்பீர்கள்.

அதற்கு ஏக்கர் கணக்கில் புல்வெளி வேண்டும். நம் வீட்டுப் பரணில் ஒரு முழ நீளத்தில் ஒரு மைதானம் தூங்குகிறது. அதில் 14 குழிகள். ஒவ்வொரு குழிக்கும் ஒரு திட்டம் உண்டு. அதன் பெயர் பல்லாங்குழி.

மார்கழியில் வைகுண்ட ஏகாதசி இரவு ஸ்ரீரங்கத்தில் கண் விழிக்கிற வீடுகளில் பரமபதப் பலகையோடு பல்லாங்குழியும் கீழே இறங்கும். பரமபதத்தில் தாயம் விழுந்தால் ஏணி, விழாவிட்டால் பாம்பு. அங்கே அதிர்ஷ்டம்தான் ராஜா. பல்லாங்குழியில் தாயக்கட்டையே இல்லை. எல்லா முத்தும் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. ஆனாலும் தோற்ற குழந்தைகள் சொல்வது ஒரே வசனம்: “உங்களுக்கு லக்கு பாட்டி!”

லக்கு இல்லை, கணக்கு. அது எப்படி என்று பார்க்கலாம்.

பலகையும் விதியும்

எதிரெதிரே இருவர். ஆளுக்கு 7 குழி. குழிக்கு 5 முத்து, ஆக மொத்தம் 70. புளியங்கொட்டை, சோழி, குன்றிமணி எதுவானாலும் சரி. சில வீடுகளில் குழிக்கு 6, 12 என்றும் வைப்பதுண்டு. இங்கே 5 என்றே வைத்துக்கொள்வோம்.

உங்கள் இடது கை ஓரம் இருப்பது 1-ம் குழி, வலது கை ஓரம் 7-ம் குழி. உங்கள் பக்கத்துக் குழி ஒன்றை முழுவதும் அள்ளி, வலப்பக்கமாகக் குழிக்கு ஒன்று போட்டுக்கொண்டே போக வேண்டும். 7-ம் குழி தாண்டினால் எதிராளியின் 1-ம் குழி. அவருடைய 7-ம் குழி தாண்டினால் மறுபடி உங்கள் 1-ம் குழி. சித்திரை வீதியில் தேர் சுற்றுகிற திசைக்கு இது நேர் எதிர்த்திசை.

கையில் இருந்த முத்து தீர்ந்ததும், அடுத்த குழியை அள்ளி ஆட்டத்தைத் தொடர வேண்டும். அடுத்த குழி காலியாக இருந்தால் அந்த வெறுங்குழியைத் தடவிவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் இருப்பதை அள்ளி உங்கள் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். உங்கள் முறை அதோடு முடிந்தது. அந்தக் குழியும் காலி என்றால் கிடைப்பது வெறுங்கை.

ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு விதி கொஞ்சம் மாறும். ஆட உட்காரும்போதே விதியைப் பேசி முடித்துவிடுவது நல்லது. அது ஏன் முக்கியம் என்பது பின்னால் தெரியும்.

எங்கே தொடங்கினாலும் ஏழு

ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் பாட்டியும் பத்து வயதுப் பேத்தியும் ஆடுவதாக வைத்துக்கொள்வோம். பேத்தி முதலில் ஆடுகிறாள். எந்தக் குழியை எடுப்பது என்று ரொம்ப நேரம் யோசிக்கிறாள்.

உண்மையில் அவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. எல்லாக் குழியிலும் 5 முத்து இருப்பதால், ஏழில் எதை எடுத்தாலும் முதல் ஆட்டத்தில் கிடைப்பது 7 முத்துதான். கூடவும் கூடாது, குறையவும் குறையாது. பலகை இருந்தால் இப்போதே போட்டுப் பாருங்கள்.

பேத்தி தன் 2-ம் குழியை எடுக்கிறாள். முத்து ஒரு சுற்றுக்கு மேல் ஓடி, அவளுடைய 6-ம் குழி வெறுங்குழியாக நிற்க, 7-ம் குழியில் இருந்த 7 முத்தை அள்ளுகிறாள். இப்போது பலகை இப்படி இருக்கிறது:

பேத்தி பக்கம் (1 முதல் 7 வரை): 7, 2, 8, 8, 8, 0, 0
பாட்டி பக்கம் (1 முதல் 7 வரை): 1, 7, 7, 7, 7, 0, 1

பலகையில் 63, பேத்தி கையில் 7. கணக்கு சரி. இனி பாட்டியின் முறை.

பாட்டியின் ஏழு குழிகள்

பாட்டியின் பக்கத்தில் நான்கு குழிகள் ஏழேழு முத்தோடு நிறைந்து கிடக்கின்றன. இரண்டு குழிகளில் ஒற்றை முத்து. ஒன்று காலி. புதிதாக ஆடுகிறவர் கை நேராக நிறைந்த குழிக்குத்தான் போகும். நிறைய முத்து, நிறைய தூரம், நிறைய லாபம் என்று தோன்றும்.

பாட்டி 1-ம் குழியின் ஒற்றை முத்தை எடுக்கிறார்.

“ஒத்த முத்தை வெச்சு என்ன பாட்டி பண்ணப் போறீங்க?”

“பாத்துண்டே இரு.”

ஒவ்வொரு குழியாக எடுத்தால் பாட்டிக்கு என்ன கிடைக்கும் என்று பார்ப்போம்.

1-ம் குழி (1 முத்து): அந்த ஒரு முத்து 2-ம் குழியில் விழுகிறது. அடுத்து 3-ம் குழியை அள்ளி ஆட்டம் ஓடுகிறது. மொத்தம் ஒன்பது முறை அள்ளிப் போட்டு, கடைசியில் வெறுங்குழியைத் தடவி 11 முத்து.

2-ம் குழி (7 முத்து): நீண்ட ஓட்டம். கிடைப்பது 3.

3-ம் குழி (7 முத்து): இதுவும் நீண்ட ஓட்டம். கிடைப்பது ஒன்றே ஒன்று.

4-ம் குழி (7 முத்து): நிறைந்த குழிகளில் நீளமான ஓட்டம் இதுதான். விரல் வலிக்கும். கிடைப்பது 3.

5-ம் குழி (7 முத்து): ஏழு முத்தும் போட்டு முடித்தால் எதிரே பேத்தியின் 6-ம் குழி காலி, 7-ம் குழியும் காலி. தடவியும் பயனில்லை. பூஜ்யம்.

6-ம் குழி: காலி.

7-ம் குழி (1 முத்து): ஒற்றை முத்து எதிர்ப்பக்கம் போகிறது. மூன்றே அள்ளலில் 8 முத்து.

நிறைந்த நான்கு குழிகளில் அதிகபட்சம் 3. ஒற்றை முத்துக் குழிகளில் 11, 8. கனமான குழி வேறு, கணக்கான குழி வேறு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

காரணம் எளிது. லாபத்தைத் தீர்மானிப்பது எத்தனை முத்தை எடுத்தீர்கள் என்பது அல்ல. கடைசி முத்து எந்தக் குழியில் விழுந்தது என்பதுதான். அதற்கு அடுத்த குழி காலியாகவும், அதற்கும் அடுத்தது நிறைந்தும் இருக்க வேண்டும். ஏழு முத்தா, ஒரு முத்தா என்பது அங்கே போய்ச் சேரும் வழி மட்டுமே.

முதல் ஆட்டத்தில் பேத்திக்கு ஒரு சின்ன வாய்ப்பும் இருந்தது. 1-ம் குழியில் தொடங்கியிருந்தால் அந்த 11 முத்துக் குழி பாட்டி பக்கம் போகாமல் அவளுடைய 7-ம் குழியிலேயே நின்றிருக்கும். அப்போது பாட்டியால் அடுத்த ஆட்டத்தில் அதிகபட்சம் 10 எடுக்க முடியும். மற்ற ஆறு குழிகளில் எங்கே தொடங்கியிருந்தாலும் 11. வித்தியாசம் ஒரு முத்துதான். ஆனால் எண்ணிப் பார்த்தவருக்கு மட்டும் தெரிகிற ஒரு முத்து.

பசு வந்தால் கதை மாறும்

பல வீடுகளில் ‘பசு’ உண்டு. ஆட்டத்தின் நடுவே ஒரு குழியில் சரியாக 4 முத்து சேர்ந்தால் அது பசு. யார் பக்கத்துக் குழியோ அவர் உடனே அந்த நாலையும் எடுத்துக்கொள்ளலாம், ஆடுவது யாராக இருந்தாலும்.

இந்த ஒரு விதியைச் சேர்த்துக்கொண்டு பாட்டியின் அதே 1-ம் குழி ஆட்டத்தைத் திரும்ப ஆடிப் பாருங்கள். பாட்டிக்கு 11 கிடைக்கிறது, அவர் பக்கத்தில் ஒரு பசுவும் சேர்ந்து 15 ஆகிறது. ஆனால் போகிற வழியில் பேத்தியின் பக்கத்தில் மூன்று பசு விழுகின்றன. அவளுக்குச் சும்மா உட்கார்ந்திருந்ததற்கே 12 முத்து! ஆக பாட்டிக்கு மிஞ்சும் முன்னிலை 3 மட்டுமே.

7-ம் குழியின் ஒற்றை முத்தை எடுத்தால் வழியில் எங்கும் நாலு சேர்வதில்லை. பாட்டிக்கு 8, பேத்திக்கு எதுவும் இல்லை. முன்னிலை முழுசாக 8.

பசு இல்லாத வீட்டில் 1-ம் குழி சிறந்தது. பசு உள்ள வீட்டில் 7-ம் குழி சிறந்தது. பலகை அதே, முத்து அதே, விதி ஒன்று மாறியதும் சரியான குழி மாறிவிட்டது. உட்காரும்போதே விதியைப் பேசி முடிக்கச் சொன்னது இதற்காகத்தான். பாதி ஆட்டத்தில் “எங்க வீட்டுல பசு உண்டு” என்று சொன்னால் சண்டைதான் வரும்.

உங்கள் குழிகளுக்கு நாலு கணக்கு

*ஐந்தாம் வாய்ப்பாடு.* உங்கள் 6-ம் குழி காலி, 7-ம் குழி நிறைந்திருக்கிறது என்று வையுங்கள். எதை எடுத்தால் உடனே அள்ளலாம்? குழியின் எண்ணையும் முத்தின் எண்ணையும் கூட்டினால் 5 வர வேண்டும். 1-ம் குழியில் 4, 2-ல் 3, 3-ல் 2, 4-ல் 1. இதில் எது இருந்தாலும் 7-ம் குழி உங்களுக்கு. 5-ம் குழி காலி என்றால் கூட்டுத்தொகை 4. வெறுங்குழியின் எண்ணில் ஒன்று குறைத்தால் போதும், வாய்ப்பாடு தயார்.

*பதின்மூன்று.* ஒரு குழியில் 13 முத்து சேர்ந்துவிட்டால் அது தங்கச் சுரங்கம். மற்ற 13 குழியிலும் ஒவ்வொன்று போட்டதும் அடுத்து வருவது நீங்கள் எடுத்த அதே குழி. அது காலி. தடவிவிட்டு அடுத்த குழியை அள்ளலாம். எனவே 12 முத்து சேர்ந்த குழியை அவசரப்பட்டுத் தொடாதீர்கள். இன்னும் ஒன்று விழட்டும். எதிராளியின் பக்கத்தில் 12 தெரிந்தால், அதில் உங்கள் கையால் ஒன்று போடாமல் இருக்கப் பாருங்கள்.

*தடுப்பு.* அடுத்த முறை எதிராளி எந்த வெறுங்குழியைத் தடவப் போகிறார் என்று தெரிந்துவிட்டால், அந்த வெறுங்குழியில் ஒரு முத்து விழும்படி ஆடினாலே போதும். அவர் போட்ட கணக்கு முழுவதும் கலைந்துவிடும். சில சமயம் அள்ளுகிற ஆட்டத்தைவிடத் தடுக்கிற ஆட்டம்தான் பெரிய ஆட்டம்.

*கடைசிக் கட்டம்.* முத்து குறைந்து, பலகை முழுக்கக் காலிக் குழிகள் தெரியும்போது 1-ம் குழியின் ஒற்றை முத்து உங்கள் உயிர். அது ஒவ்வொரு படியாக நகர்ந்து 7-ம் குழியை அடைய ஆறு ஆட்டம் ஆகும். 7-ம் குழியின் ஒற்றை முத்தோ ஒரே ஆட்டத்தில் எதிராளி பக்கம் போய்விடும். உங்கள் பக்கம் ஆட முத்தே இல்லை என்றால் சுற்று முடிந்தது. பல வீடுகளில் மிச்ச முத்து, அது இருக்கும் பக்கத்துக்காரருக்கு.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பழக்கம் வேண்டும்: குழியைத் தொடும் முன் கண்ணால் எண்ணுவது. தொட்டால் எடுத்தே ஆக வேண்டும் என்று பாட்டிகள் கறாராக இருப்பது வீம்புக்கு அல்ல. விரல் ஓடும் முன் மனசு ஓட வேண்டும் என்பதற்காக. முதலில் இரண்டு அள்ளல் வரை எண்ண வரும். ஒரு வாரம் ஆடினால் மூன்று, நாலு என்று நீளும்.

குழி மூடியவர் என்ன செய்வது?

முதல் சுற்று முடிந்தது. பாட்டியிடம் 42, பேத்தியிடம் 28 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் சுற்றுக்குக் குழிக்கு 5 நிரப்ப வேண்டும். பாட்டி ஏழையும் நிரப்பி 7 முத்தைக் கையில் வைத்துக்கொள்கிறார். பேத்தி 5 குழிதான் நிரப்ப முடிகிறது. 3 முத்து மிச்சம். நிரம்பாத இரண்டு குழியில் ஒரு குச்சியை வைத்து மூடிவிடுவார்கள். இனி அந்தக் குழிகளில் யாரும் முத்துப் போட மாட்டார்கள்.

பல்லாங்குழியில் மனசு வலிக்கிற இடம் இதுதான். சமமாகத் தொடங்கிய ஆட்டம், ஒரே சுற்றில் ஒருவருக்கு ஏழு வீடு, மற்றவருக்கு ஐந்து வீடு என்று ஆகிவிடுகிறது. பண்பாட்டு ஆய்வாளர் தொ. பரமசிவன் இந்த விளையாட்டைப் பற்றி எழுதியபோது இதைத்தான் கவனித்தார். எல்லோருக்கும் சமமாக இருந்த நிலை மாறி, தனிச்சொத்து தோன்றிய கதையை அவர் இந்தக் குழிகளில் கண்டார்.

குழந்தைகள் பலகையைத் தள்ளிவிட்டு போனைத் தேடுவதும் இந்த இடத்தில்தான். “நான் வரலை பாட்டி, எப்படியும் நீங்கதான் ஜெயிப்பீங்க.”

அப்போது அவளுக்குச் சொல்ல வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. பலகையில் இப்போது இருப்பது 60 முத்து. அவள் கையில் 3. இந்தச் சுற்றில் 27 பிடித்தால் மொத்தம் 30. ஆறாவது குழி திறந்துவிடும். அறுபதில் 27 என்பது பாதிக்கும் குறைவு! 32 பிடித்தால் 35 ஆகி, ஏழு குழியும் திறந்துவிடும். பாதிக்கு மேல் இரண்டே முத்து. பின்தங்கியவர் எழுந்து நிற்க இந்த ஆட்டத்தில் மலையைப் புரட்ட வேண்டியதில்லை.

இன்னொன்று. இரண்டு குழி மூடியதும் வட்டம் 12 குழியாகச் சுருங்கிவிட்டது. பழைய 13 முத்துக் கணக்கு இனி 11 முத்துக் கணக்கு. இந்த மாற்றத்தை முதலில் கவனிப்பவர் யாரோ அவர் பக்கமே காற்று வீசும். ஜெயித்தவர் பெரும்பாலும் பழைய கணக்கிலேயே இருப்பார். குழியை இழந்தவர்தான் புதுசாக எண்ணத் தொடங்குவார்.

உலகம் சுற்றும் குழிகள்

இப்படிக் குழியில் முத்துப் போடும் விளையாட்டுகள் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் ஏராளம். இலங்கையில் சிங்களவர்கள் ‘ஒலிந்த கெலிய’ என்று ஆடுவது இதன் தங்கை. அங்கே குன்றிமணிக்குப் பெயர் ஒலிந்த. மலேசியாவில் சொங்காக். கஜகஸ்தான், கிர்கிஸ்தான், துருக்கி நாடுகளின் குழி விளையாட்டுகளை 2020-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஆப்பிரிக்க வகையான அவாரியை 2002-ல் நெதர்லாந்தில் ஜான் ரோமைன், ஹென்றி பால் என்ற இரு கணினி ஆய்வாளர்கள் முழுவதுமாக எண்ணி முடித்தார்கள். 12 குழி, 48 முத்து. வரக்கூடிய சுமார் 88,900 கோடி நிலைகளையும் கணினி அலசியது. விடை என்ன தெரியுமா? இருவரும் தவறே செய்யாமல் ஆடினால் ஆட்டம் சமம். யார் ஜெயித்தாலும் அது மற்றவர் எங்கோ எண்ணத் தவறியதால்தான்.

நம் பல்லாங்குழியின் விதி வேறு, எனவே அந்த விடை இதற்கு அப்படியே பொருந்தாது. ஆனால் அதிர்ஷ்டத்துக்கு இங்கேயும் இடமில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை பரணில் இருக்கும் பலகையை இறக்குங்கள். பலகை இல்லையா? சாக்பீஸால் தரையில் 14 வட்டம் போதும். சாம்பாருக்குப் புளி கரைக்கும்போது கிடைக்கிற கொட்டையை நாலு நாள் சேர்த்தால் 70 முத்து. மேலே சொன்ன பேத்தியின் முதல் ஆட்டத்தைப் போட்டு, பாட்டியின் ஏழு குழிகளையும் குழந்தைகளை விட்டு ஒவ்வொன்றாக ஆடச் சொல்லுங்கள். எந்தக் குழிக்கு எத்தனை கிடைக்கும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கச் சொல்லுங்கள். 11 கிடைக்கிற குழியைத் தொடும் முன்பே சரியாகச் சொல்லிவிட்ட குழந்தை, அப்புறம் ‘லக்கு’ என்ற வார்த்தையை எடுக்காது.